ஒரு பெயர், நான்கு மேசைகள்

2009 மார்ச் மாதக் கடைசியில், சான் டியகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. இடம் கிடைத்ததற்கு வாழ்த்தும், வளாகத்தை வந்து பாருங்கள் என்ற அழைப்பும் அதில் இருந்தன. தேர்வானவர்களுக்கு மட்டும் போக வேண்டிய அந்த மடல், விண்ணப்பித்த ஏறக்குறைய 47,000 பேருக்கும் போய்விட்டது. அவர்களில் சுமார் 28,000 பேரிடம் ஏற்கெனவே ‘இடமில்லை’ என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் மன்னிப்பு மடல் பின்னாலேயே ஓடியது. அதற்குள் எத்தனை வீடுகளில் பாட்டிகளுக்குத் தொலைபேசி போயிருக்குமோ!

இது எப்போதோ ஒருமுறை நடந்த விபத்து அல்ல. 2014 டிசம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், இடம் மறுக்கப்பட்டவர்களும் முடிவு தள்ளிவைக்கப்பட்டவர்களுமாக 294 பேருக்கு வரவேற்பு மடல் அனுப்பியது. இரண்டு மாதம் கழித்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த சுமார் 800 பேர், சில மணி நேரம் மட்டும் தேர்வானவர்களாக இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வெளியே சொல்லப்படும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: தவறு நேர்ந்துவிட்டது, நடைமுறையைச் சரிசெய்கிறோம். பொத்தானை அழுத்தியது யாரோ ஒருவருடைய விரல்தான். அதில் பொய் இல்லை. ஆனால் இத்தகைய அலுவலகங்களில் கடிதத்தை எழுதுபவர் ஒருவர், யார் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை எடுப்பவர் வேறொருவர், எந்த நாளில் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் இன்னொருவர். அந்த மூவரும் கடைசியாக எப்போது ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள் என்பதை எந்த மன்னிப்பு மடலும் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேசாமைக்கு மருந்தாகத்தான் ‘என்ரோல்மென்ட் மேனேஜ்மென்ட்’ என்ற துறையே அமெரிக்காவில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டன் காலேஜ் பணமுடையில் தத்தளித்தது. இயற்பியல் படித்த ஜாக் மகுவயர் 1971இல் அங்கே சேர்க்கைப் பிரிவுக்குத் தலைவரானார். யாரைச் சேர்ப்பது என்பது ஒரு அலுவலகத்தின் வேலை, யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பது இன்னொன்றின் வேலை, சேர்ந்தவர் ஏன் பாதியில் நின்றார் என்பது யாருடைய வேலையும் அல்ல. இப்படிச் சிதறிக் கிடந்தவற்றை ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும் என்று மகுவயரும், நிர்வாகத் துணைத் தலைவராக இருந்த ஃபிராங்க் காம்பனெல்லாவும் முனைந்தார்கள். 1976இல் கல்லூரியின் இதழில் மகுவயர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ஒழுங்கமைத்துக்கொண்டவர்களிடமே மாணவர்கள் போகிறார்கள் என்ற பொருளில் அமைந்தது. இந்தத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குவார்கள். இயற்பியல்காரர் ஒருவர் அலுவலகங்களுக்கிடையே விசைகளைத் தேடியதில் ஆச்சரியமில்லை. அவர் கண்டுபிடித்தது எளிய விஷயம்: தரவைப் பகிர்ந்துகொண்டால் கல்லூரி பிழைக்கும்.

அரை நூற்றாண்டில் அந்த யோசனை பெரிய நாற்காலியாகிவிட்டது. இன்று ஏராளமான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சேர்க்கைக்கென்றே ஒரு துணைத் தலைவர் இருக்கிறார். சேர்க்கை, நிதியுதவி, பல இடங்களில் பதிவாளர் அலுவலகம் ஆகிய எல்லாம் அவருக்குக் கீழே. அமைப்பு வரைபடத்தில் கோடுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அந்தக் கோடுகளின் வழியே பேச்சும் போகிறதா என்பதுதான் கேள்வி.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கேட்கக்கூடிய மிகச் சாதாரணக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்: “நான் எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது கட்ட வேண்டும்?” இதற்கு முழு விடை தெரிந்த மேசை பெரும்பாலான வளாகங்களில் கிடையாது. இடம் உண்டா இல்லையா என்பது சேர்க்கை அலுவலகத்துக்குத் தெரியும். எவ்வளவு தள்ளுபடி, எவ்வளவு கடன் என்பது நிதியுதவி அலுவலகத்துக்குத் தெரியும். ரசீது எழுதுவது கட்டண அலுவலகம். எந்தப் பாடங்களில் பெயர் பதிந்திருக்கிறாள் என்பது பதிவாளரிடம் இருக்கிறது. பாடத்தின் அலகைப் பொறுத்துத் தொகை மாறும். விடுதி, உணவு என்று இன்னும் இரண்டு கதவுகள் உண்டு. ஒரே பெயர் இத்தனை மேசைகளில், சில நேரம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மென்பொருள்களில் கிடக்கிறது. பழைய பாக்கி இருந்தால் கட்டண அலுவலகம் அவள் கணக்கில் ஒரு தடை போடும். அந்தத் தடை பாடப் பதிவை நிறுத்தும். ஏன் பதிய முடியவில்லை என்று அவள் கேட்பதோ, இத்தனை மாதம் இனிக்கப் பேசிய சேர்க்கை ஆலோசகரிடம்தான். தடையை எடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. சில இடங்களில் அதைப் பார்க்கும் அனுமதிகூடக் கிடையாது.

மேசைக்கு மேசை குணமும் வேறு. இது ஆட்களின் குணம் என்பதைவிட அவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் வருவது. நிதியுதவிக்காரர் மத்திய அரசின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். தணிக்கையில் ஒரு கோப்பு தப்பாக இருந்தால் பல்கலைக்கழகம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரலாம். அதனால் அவர் “இன்னும் ஒரு ஆவணம் வேண்டும்” என்பார். பதிவாளர் ஏட்டுக்குப் பொறுப்பு. பத்து வருடம் கழித்தும் அந்த ஏடு நிற்க வேண்டும். அதனால் அவர் அவசரப்பட மாட்டார். சேர்க்கை ஆலோசகர் எண்ணிக்கைக்குப் பொறுப்பு. அவர் “வாங்க, எல்லாம் பார்த்துக்கலாம்” என்பார். ஒருவரைப் பற்றி மற்றவர் என்ன நினைப்பார் என்று ஊகிப்பது சிரமமில்லை. சேர்க்கைக்காரர் கண்ணில் நிதியுதவிக்காரர் முட்டுக்கட்டை. நிதியுதவிக்காரர் கண்ணில் சேர்க்கைக்காரர் வாய்ச்சொல் வீரர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இந்தச் சண்டை தீராமல் இருக்கிறது. நடுவில் பெற்றோர் கூப்பிட்டால், 1974இல் வந்த மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். மாணவரின் ஒப்புதல் இல்லாமல் பணம் கட்டும் அப்பாவிடம்கூடப் பல விஷயங்களைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

இத்தனை குணங்களையும் ஒரே திசைக்குத் திருப்ப ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. எண்தான் அந்த மொழியாயிற்று.

அந்த அலுவலகங்களின் காலை பெரும்பாலும் ஓர் அறிக்கையோடு விடிகிறது. விண்ணப்பம் எத்தனை, அனுமதி எத்தனை, முன்பணம் கட்டியவர் எத்தனை. பக்கத்திலேயே போன ஆண்டு இதே தேதியில் எத்தனை. கூடியிருந்தால் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு. அனுமதி பெற்றவர்களில் எத்தனை பேர் உண்மையில் சேர்கிறார்கள் என்ற விகிதத்தை ‘யீல்ட்’ என்பார்கள். முன்பணம் கட்டிய பிறகும் கோடையில் காணாமல் போகிறவர்களை ‘மெல்ட்’ என்பார்கள். பணமும் இதில்தான் இருக்கிறது. லாபநோக்கற்ற தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் சராசரித் தள்ளுபடி, அறிவித்த கட்டணத்தில் 56 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. அதாவது நூறு டாலர் என்று விலை போட்டுவிட்டு நாற்பத்துநாலு டாலர்தான் வாங்குகிறார்கள். எதிர்பார்த்ததைவிட ஐம்பது பேர் குறைந்தாலே ஒரு சிறு கல்லூரியின் அடுத்த ஆண்டுச் சம்பளப் பட்டியல் ஆட்டம் காணும். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணைப் பார்க்காதே என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் எண் பேச ஆரம்பித்ததும் ஆட்கள் பேசுவது குறைந்துபோனது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் அறிக்கை ஓடுகிறது. அதற்கு விளக்கம் கேட்கப்படுகிறது. கடைசி வரிசையில் இருப்பவர் போன வாரம் முழுக்கத் தொலைபேசியில் ஒரே புகாரைக் கேட்டிருப்பார்: உதவித்தொகைக் கடிதம் புரியவில்லை, கடனையும் மானியத்தையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டியிருக்கிறீர்கள். அதைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை. அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. மேலிருந்து கீழே இலக்கு இறங்கிவிடுகிறது. கீழிருந்து மேலே போக வேண்டிய செய்தி அப்படி ஏறுவதில்லை. கெட்ட செய்தியாக இருந்தால், கொண்டுபோனவர்தான் அதற்குக் காரணம்போல் பார்க்கப்படுவார் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

2017 கோடையில் இர்வைனிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதன் விலை எல்லோர் கண்ணிலும் பட்டது. புதிதாக 6,250 பேர் வருவார்கள் என்று திட்டமிட்ட இடத்தில் 7,100 பேர் வருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வாசலில் பன்னீர் தெளிப்பவருக்கும் பந்தியில் இலை போடுபவருக்கும் பேச்சே இல்லாத கல்யாண வீட்டில் நடப்பதுதான் அங்கும் நடந்தது. வகுப்பு தொடங்க இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில் 499 பேரின் அனுமதி ரத்தானது. மதிப்பெண் குறைந்தது சிலருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. பெரும்பாலோருக்குச் சொன்ன காரணம், பள்ளிச் சான்றிதழ் நாள் தப்பி வந்தது அல்லது வரவே இல்லை என்பது. வழக்கமாக ஒரு நினைவூட்டலோடு முடியக்கூடிய விவகாரம் அது. மாணவர்கள் வளாகத்தில் கூடிக் கொதித்தார்கள். சான்றிதழ்களை நேரத்தோடு அனுப்பியதற்கு ஆதாரம் இருப்பதாகப் பலர் சொன்னார்கள். அப்போது துணைவேந்தர் நிலையிலிருந்த ஹவார்ட் கில்மன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சான்றிதழ் காரணமாக நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

செய்தித்தாள்கள் அத்தோடு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். ஆனால் பின்னாலேயே உள் தணிக்கை ஒன்று வந்தது. திட்டமிடல் போதவில்லை, மேற்பார்வை போதவில்லை என்று வழக்கமாகச் சொல்லப்படுவதோடு, சேர்க்கை அலுவலகத்துக்குள் நிலவிய கசப்பான பணிச்சூழலையும் அது காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தணிக்கை அறிக்கைகள் பொதுவாக மனிதர்களின் மனக்கசப்பைப் பற்றி எழுதுவதில்லை; கையெழுத்து, கடவுச்சொல், கோப்பு எண் என்று போகும். 499 குடும்பங்களின் கோடை குலைந்ததில் ஓர் அலுவலகத்தின் மனக்கசப்புக்கும் பங்கு உண்டு என்று கணக்குப் பார்ப்பவர்களே எழுதியது, இந்தத் துறை பற்றி வந்த எத்தனையோ கையேடுகளைவிட நேர்மையான ஆவணம்.

பிறகு 2024 வந்தது. மத்திய அரசின் உதவித்தொகை கேட்கும் மாணவர்கள் நிரப்பும் ‘ஃபாஃப்சா’ படிவத்தை எளிமையாக்க, 2020 டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றியது. நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள், சிலருக்குப் பதினெட்டு என்ற அளவுக்குச் சுருங்கும் என்றார்கள். நல்ல நோக்கம்தான். வழக்கமாக அக்டோபர் முதல் தேதி திறக்க வேண்டிய படிவம், 2023 டிசம்பர் 30 வாக்கில்தான் அரைகுறையாகத் திறந்தது. அதுவும் சில நேரம் மட்டும் வேலை செய்தது. நிரப்பிய விவரங்கள் மார்ச்சில்தான் கல்லூரிகளுக்கு வரும் என்று ஜனவரிக் கடைசியில் அறிவித்தார்கள். வந்தவற்றிலும் சுமார் 2 லட்சம் பதிவுகளில் கணக்குப் பிழை என்று மார்ச் 22இல் கல்வித்துறையே சொன்னது. பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பிள்ளைகள் படிவத்தை முடிக்கவே முடியாமல் மாதக்கணக்கில் நின்றார்கள். முதல் ஐந்து மாதங்களில் அரசின் உதவி மையத்துக்கு வந்த 54 லட்சம் அழைப்புகளில் 40 லட்சத்தை யாரும் எடுக்கவில்லை என்று, அரசின் பொறுப்புடைமை அலுவலகம் செப்டம்பரில் அறிக்கை தந்தது.

எடுக்கப்படாத அந்த அழைப்புகளில் கணிசமானவை எங்கே திரும்பியிருக்கும்? கல்லூரிகளுக்குத்தான். மே 1 என்றிருந்த முடிவு நாளைப் பல கல்லூரிகள் மே 15க்கும் ஜூன் 1க்கும் தள்ளின. காலை அறிக்கைக்கும் அந்த வசந்தத்தில் வாய் அடைத்துப்போனது. முந்தைய ஆண்டின் அதே தேதியோடு ஒப்பிட அந்த ஆண்டில் எதுவும் இல்லை. பச்சையும் சிவப்பும் பொருளிழந்தன. வழக்கமாகக் கூட்டத்தில் கடைசியில் இரண்டு நிமிடம் பேசும் நிதியுதவிக்காரர்தான் இப்போது எல்லோருக்கும் வேண்டியவர். ஆனால் அவருக்கும் தெரியாது. தெரியாது என்பதை எப்படிச் சொல்வது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. “விவரம் வந்ததும் தெரிவிக்கிறோம்” என்று ஒரு அலுவலகமும், “அடுத்த வாரம் கிடைத்துவிடும்” என்று பக்கத்து அலுவலகமும் சொன்னால், மாணவர் இரண்டையும் நம்பமாட்டார். ஒன்றும் தெரியாத வாரத்திலும், இந்த வாரம் புதிதாக ஒன்றும் இல்லை என்று எல்லா மேசைக்கும் ஒரே குறிப்பு அனுப்புவது செலவில்லாத வேலை. நெருக்கடியில் முதலில் நின்றுபோவதும் அதுதான். புதுச்செய்தி இல்லாதபோது எழுதுவது நேர விரயம் என்று தலைமைக்குத் தோன்றிவிடுகிறது.

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல் செய்த ஒன்றை இங்கே வேறு கோணத்தில் பார்க்கலாம். கோடையில் கரைந்துபோகும் மாணவர்களைத் தக்கவைக்க, குறுஞ்செய்திக்குப் பதில் சொல்லும் ‘பவுன்ஸ்’ என்ற நிரலை அங்கே ஓடவிட்டார்கள். முதல் கோடையிலேயே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அது பதில் சொன்னது. கோடை இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது. தொழில்நுட்பத்தின் வெற்றி என்றுதான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த நிரலுக்குத் தானாக எதுவும் தெரியாது. விடைகளை முன்கூட்டியே மனிதர்கள் எழுதிவைக்க வேண்டியிருந்தது. “தடுப்பூசிச் சான்று எங்கே தர வேண்டும்” என்ற கேள்விக்கு நாலு அலுவலகங்கள் நாலு பதில் வைத்திருந்தால் இயந்திரம் திணறும். யாராவது உட்கார்ந்து, நம் பதில் இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உட்கார்தலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஆராய்ச்சிக் கட்டுரைகள் தனியாக அளப்பதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு வெட்கமில்லாமல் கேட்க முடிந்ததும் ஒரு காரணம்தான். மேசைக்குப் பின்னாலிருக்கும் மனிதரிடம் கடன் பற்றிக் கேட்கக் கூசுகிற பிள்ளைகள் எந்த நாட்டிலும் உண்டு.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனத்தைத் தாண்டி இந்தியா முதலிடத்துக்கு வந்த ஆண்டு அது. விசா நேர்முகத்துக்குத் தேவையான ‘ஐ-20’ தாளைத் தருவது சேர்க்கை அலுவலகம் அல்ல. பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர்களுக்கான தனி அலுவலகம். அங்கே வங்கி இருப்புச் சான்று சரிபார்க்கப்பட வேண்டும், சேர்க்கைப் பிரிவு தன் பக்கத்தை முடித்ததாகக் குறித்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் கல்விக்கடன் வாங்கிவிட்டு மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, தாமதம் என்பது அமெரிக்காவின் கெடுபிடியாகத் தெரியும். சில நேரம் அது, ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளுக்கிடையே போகாத ஒரு வரிச் செய்தியாக இருக்கும்.

அந்த ஒரு வரியை அனுப்ப வேண்டியவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வயதில் இளையவர், சம்பளத்தில் கடைசி. அமெரிக்க உயர்கல்விப் பணியாளர்களைக் கணக்கெடுக்கும் கூபா-ஹெச்ஆர் அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றின்படி, சேர்க்கை ஒருங்கிணைப்பாளர்களிலும் ஆலோசகர்களிலும் 71 விழுக்காட்டினர் அந்தப் பொறுப்புக்கு வந்து மூன்று ஆண்டு அல்லது அதற்கும் குறைவுதான் ஆகியிருந்தது. இலையுதிர்காலத்தில் பள்ளி பள்ளியாகப் பயணம்; குளிர்காலத்தில் இரவில்கூட விண்ணப்பங்களைப் படிப்பது; வசந்தத்தில் சனிக்கிழமை தவறாமல் வளாக விழா; கோடையில் கரைகிறவர்களுக்குத் தொலைபேசி. இப்படி இரண்டு சுற்று முடித்தவர் வேறு வேலைக்குப் போவதைக் குறை சொல்ல முடியாது. அவரோடு போவது ஒரு ஆள் மட்டுமல்ல. எந்தப் பள்ளியின் ஆலோசகரிடம் மின்னஞ்சலைவிடத் தொலைபேசி எடுபடும், எந்த ஊர்ப் பெற்றோர் கட்டணத்தைப் பற்றித் தாங்களாகக் கேட்கவே மாட்டார்கள், நிதியுதவிப் பிரிவில் யாரிடம் சொன்னால் கோப்பு நகரும் என்ற அறிவும் கூடவே போய்விடுகிறது. துணைத் தலைவரின் அறையில் ஐந்தாண்டு வரைபடம் இருக்கும்; இந்த அறிவு இருக்காது.

இனி வரும் ஆண்டுகள் லேசானவை அல்ல. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை உச்சம் தொட்டது 2007இல், 43 லட்சத்துக்கு மேல். அதன் பிறகு இறங்குமுகம். அந்தக் குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதானது 2025இல். பள்ளிப் படிப்பு முடிப்பவர்களின் தொகை இனிக் குறையும் என்று மேற்கு மாநிலங்களின் உயர்கல்வி ஆணையமான வைச்சி கணித்திருக்கிறது. கல்லூரிகள் ஆட்களைக் குறைக்கின்றன, அலுவலகங்களை ஒன்றாக்குகின்றன, ‘ஒரே கூரை, ஒரே கவுண்டர்’ என்று பலகை மாட்டுகின்றன. பலகை மாட்டியதும் மேசைகள் பக்கத்தில் வந்துவிடும்; பேச்சு தானாக வராது. சில வளாகங்கள், முன்மேசையில் இருப்பவருக்கு வாராந்தரக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் கொடுத்து, இந்த வாரம் மாணவர்கள் கேட்டது என்ன என்று சொல்லச் சொல்லலாம். சிவப்பு எண்ணுக்கு விளக்கம் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இதற்குப் புது மென்பொருள் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, இதை விற்க எந்த ஆலோசனை நிறுவனமும் வருவதில்லை.

ஆகஸ்டில் புது ஆலோசகர்களுக்குப் பயிற்சி நடக்கும். படிப்புகளின் பட்டியல், விடுதி அறைகளின் அளவு, கடவுச்சொல், வாடகைக் கார் விதிகள், அவரவர் பொறுப்பில் வரும் மாவட்டங்கள் எல்லாம் கைக்கு வரும். பயிற்சி தருபவருக்கு அங்கே அனுபவம் இரண்டு ஆண்டாக இருக்கக்கூடும். போன ஆண்டு அந்த மாவட்டங்களைப் பார்த்துக்கொண்டவர் எழுதிவைத்த குறிப்பு ஏதாவது உண்டா என்று புதியவர் கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது பயண அட்டவணையும் செலவுக் கணக்கும்தான்.